உப்பைப் பார்க்கப் போகிற பள்ளிக்கூட வேன்

ஓசூருக்குள் நுழைந்தபோது எங்கள் வேனில் வைப்பர் வேலை செய்யவில்லை. அதற்கு ஈடுகட்டுவது போல ஹாரன் மட்டும் நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தது. ஷிஃப்ட் முடிந்து தொழிற்சாலை கேட்டிலிருந்து வெளியே வந்தவர்கள் அலறியடித்து ஒதுங்கினார்கள். முன்சீட்டில் இருந்த என் மனைவி ஜெசிந்தா, ஒவ்வொருவரையும் பார்த்துக் கைகூப்பி மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தாள். ஓட்டுக் கேட்க வந்த வேட்பாளர் என்று நினைத்தார்களோ என்னவோ, இரண்டு பேர் திருப்பிக் கும்பிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தூத்துக்குடியிலிருந்து கிளம்பிய நேரம் முதலே நான் எரிச்சலில் இருந்தேன். அந்த எரிச்சலுக்கு அடியில் இருந்தது பயம் என்பதை ஒப்புக்கொள்ள எனக்குப் பத்துப் பதினைந்து நாள் ஆனது.

ஜெசிக்கு இரண்டு சிறுநீரகங்களும் நின்றுபோய் மூன்று வருடம் ஆகிறது. வயிற்றில் ஒரு மெல்லிய குழாய் பொருத்தியிருக்கிறார்கள். அதன் வழியாக இரண்டு லிட்டர் மருந்துத் தண்ணீரை உள்ளே விட்டு, சில மணி நேரம் வைத்திருந்து, வடித்துவிட்டு, புதிதாக விட வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு தடவை. எங்கள் வீட்டில் இதற்குத் 'தண்ணி மாத்துறது' என்று பெயர். கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தி, ஃபேனை நிறுத்தி, முகமூடி கட்டி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் குழாயைத் தொடலாம். முனையில் ஒரு தூசி பட்டால் போதும், வயிற்றுக்குள் சீழ் பிடித்துவிடும். ஒருமுறை பிடித்தது. பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தோம். அதன் பிறகு அவள் வீட்டைத் தவிர வேறு எங்கும் ஒரு இரவு தங்கியதில்லை.

அவள் முப்பத்தோரு வருடம் பூகோளம் நடத்திய டீச்சர். இந்திய வரைபடத்தைக் கரும்பலகையில் ஒரே இழுப்பில் வரைவாள். ஆனால் அவள் பார்த்த வெளிமாநில ஊர் திருவனந்தபுரம் ஒன்றுதான். போன வருடம் பள்ளிக்கூடம் தன் பழைய வேனை விற்கப்போகிறது என்று தெரிந்ததும், அதை வாங்கச் சொன்னாள். எதற்கு என்று கேட்டேன். குஜராத்தில் கட்ச் பக்கம் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெள்ளையாக உப்பு நிலம் இருக்கிறதே, வருடா வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேனே, அதைப் பார்க்க வேண்டும் என்றாள்.

"உப்பளத்துக்குப் பக்கத்துல பொறந்து வளந்தவ, உப்பைப் பாக்கதுக்கு குஜராத்துக்குப் போகணுமாக்கும்? அதுவும் டாக்டர் உப்பைத் தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்கும்போது?" என்றேன்.

"திங்கவா போறேன்? பாக்கத்தானே போறேன்," என்றாள்.

டாக்டர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். வேனைத் தயார் செய்து, அதற்குள்ளேயே ஐந்து நாள் தண்ணீர் மாற்றிக் காட்ட வேண்டும். வடித்த தண்ணீர் தெளிவாக இருந்தால் போகலாம். ஒருமுறை கலங்கினாலும் இந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது. மருந்துப் பெட்டிகள் வழியில் மூன்று ஊர்களில் வந்து சேர ஏற்பாடு செய்யலாம், ஆனால் தூசிக்கு அவர் பொறுப்பில்லை என்றார். ஜெசியின் பழைய மாணவி ஒருத்தி ஓசூரில் வேலை பார்க்கிறாள். காட்டிலும் மேட்டிலும் தங்கிப் போகிறவர்களுக்குப் பழைய வண்டிகளை வீடு மாதிரி மாற்றித் தருகிற முனிராஜு என்பவரின் முகவரியைக் கொடுத்தது அவள்தான்.

முனிராஜுவின் தகரக் கொட்டகை தொரப்பள்ளி போகிற வழியில் இருக்கிறது. ஒரு பக்கம் முட்டைக்கோஸ் தோட்டம், மறுபக்கம் நட்டு போல்ட்டு செய்கிற சின்னக் கம்பெனி. மனிதருக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். ஒரு பெரிய தொழிற்சாலையின் டூல் ரூமில் இருபத்திரண்டு வருடம் ஃபிட்டராக இருந்தவர். அங்கே அவர்கள் செய்த அச்சுகளில் தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்கு கூடினாலும் குறைந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். வெளியே வந்து சொந்தமாகத் தொழில் தொடங்கி ஆறு வருடம் ஆகியும் சட்டைப்பையில் வெர்னியர் அளவுகோல் இல்லாமல் அவர் நிற்பதில்லை.

நாங்கள் போனபோது பெங்களூரிலிருந்து வந்த இரண்டு இளைஞர்கள் தங்கள் பழைய ஜீப்பின் கூரைமேல் கூடாரம் பொருத்திக்கொண்டிருந்தார்கள். ஐஸ் பெட்டி, பக்கவாட்டுப் பந்தல், தண்ணீர்த் தொட்டி, விளக்குகள் என்று ஏகப்பட்ட சாமான். நான் எங்களுக்கு வேண்டியதை முனிராஜுவிடம் சொல்ல ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீங்க சொல்லாதீங்க சார். யாரு உள்ள உக்காரப் போறாங்களோ அவங்க சொல்லட்டும்."

ஜெசி ஒரு நோட்டில் எழுதியே கொண்டுவந்திருந்தாள். பையை மாட்ட ஒரு கொக்கி, அவள் தோளுக்கு மேலே இரண்டடி உயரத்தில். வடிகிற பை கீழே தரையில் கிடக்கும்; ஆகவே கட்டில் அதற்குத் தக்க உயரம். மருந்துப் பையை உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவர ஒரு பெட்டி. கைகழுவ, காலால் மிதித்தால் தண்ணீர் வருகிற குழாய். இவை எல்லாம் வேனின் பின்பாதியில், தனி அறையாக, தூசி ஒரு துளிகூட நுழையாதபடி.

ஜீப்காரர்களில் ஒருவன் கன்னடத்தில் ஏதோ கேட்டான். முனிராஜுவும் கன்னடத்திலேயே பதில் சொன்னார். அவன் முகம் சுருங்கிவிட்டது. என்ன கேட்டான் என்று விசாரித்தேன். "அந்த வேன்ல என்னா மாடல் ஃப்ரிட்ஜு வைக்கப் போறாங்கன்னு கேட்டான் சார். இந்த அம்மா உசுரை வைக்கப் போறாங்கன்னு சொன்னேன்," என்றார். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. ஆனால் ஜெசிக்கு அந்த நிமிடமே அந்த மனிதர்மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

வேலை முடியும் வரை அவர்கள் வீட்டு மாடிப் போர்ஷனில் தங்கினோம். முனிராஜுவின் மனைவி ரத்னம்மா எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றில் அசெம்ப்ளி லைனில் நிற்கிறவர். முதல் நாள் ஜெசி தண்ணீர் மாற்றுவதற்கு முன் அறையைத் துடைத்ததை வாசலில் நின்று பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "சார், நீங்க வெளிய போட்ட செருப்போட உள்ள வந்துட்டீங்க. எங்க லைன்ல இப்படி வந்தா அன்னைக்கே கணக்கு முடிச்சு அனுப்பிடுவாங்க," என்றார். அவர்கள் கம்பெனியில் தலைக்குத் தொப்பி, காலுக்கு உறை, முகத்துக்கு மறைப்பு எல்லாம் போட்டுக்கொண்டு, காற்றடிக்கிற கூண்டுக்குள் நின்று திரும்பிய பிறகுதான் உள்ளே விடுவார்களாம். மூன்று வருடமாக எல்லோரும் விசித்திரமாகப் பார்த்த எங்கள் சடங்குகளை, இது போதாது என்று சொன்ன முதல் ஆள் இவர்தான். ஜெசியும் அவரும் சிநேகிதிகளாகிவிட்டார்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் எனக்குத்தான் திண்டாட்டம். எங்கள் ஊரில் மீன் இல்லாமல் சோறு இறங்காது. இங்கே ஓட்டலில் மீன் என்று கேட்டால் நேற்று எந்த ஊர்க் கடலில் இருந்ததோ தெரியாத ஒன்றைப் பொரித்து வைத்தார்கள். ரத்னம்மா கேழ்வரகுக் களி கிண்டிக் கொடுத்தார். எனக்குத் தொண்டையில் நின்றது. ஆனால் ஜெசி முட்டையின் வெள்ளைக்கருவோடு சேர்த்து அதில் பாதி உருண்டையைச் சாப்பிட்டாள். "எங்க வீட்டுக் களிக்கு உப்பே போடறதில்லைங்க அக்கா," என்று ரத்னம்மா சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். மூன்று வருடத்தில் முதல்முறையாக, வீட்டில் எல்லோரும் சாப்பிடுகிற அதே சாப்பாட்டை அவளும் சாப்பிட்டாள்.

ஒன்பதாம் நாள் வேன் தயாரானது. வெளியே வெள்ளைப் பெயிண்ட். கதவோரங்களில் மட்டும் பள்ளிக்கூட மஞ்சள் எட்டிப் பார்த்தது. உள்ளே போய்ப் பார்த்தோம். பின்னறையின் தடுப்பில் ஒரு தள்ளுகதவு. அதைச் சாத்தினால் சாத்திய கோடுகூடத் தெரியவில்லை. முனிராஜு இடுக்கில் ஒரு சிகரெட் தாளைச் செருகிக் காட்ட முயன்றார். தாள் போகவில்லை. சந்தோஷத்தில் அவர் காது சிவந்திருந்தது. வேனின் பின்புறத்தில் இருந்த அவசரக் கதவை, தூசி வரும் என்று உள்பக்கமாக அடைத்து, அதன்மேல் மருந்துப்பெட்டி அலமாரியை வைத்திருந்தார்.

பிறகு ஒரு அட்டையை நீட்டினார். டூல் ரூம் பழக்கமாம். எந்த வேலையும் அட்டை இல்லாமல் வெளியே போகக்கூடாது. செய்தவன் அதில் கையெழுத்துப் போடக்கூடாது. இன்னொருவர் ஒவ்வொரு வரியாகச் சோதித்துப் போட வேண்டும். கொக்கி, கட்டில், சூட்டுப்பெட்டி, குழாய், தூசி அடைப்பு, கதவு என்று குண்டு குண்டான எழுத்தில் எழுதியிருந்தார். கடைசி வரி: 'ஓட்டிப் பார்த்த பின்.'

"மத்தவங்க படிக்காமலே கிறுக்கிட்டுப் போயிடுவாங்க மேடம். நீங்க பாத்துப் போடுங்க."

"அஞ்சு நாள் கழிச்சுப் போடுதேன்," என்றாள் ஜெசி. பரீட்சைத் தாளை முழுக்கத் திருத்தாமல் அவள் மார்க் போட்டதே இல்லை.

முதல் நாள் நல்லபடியாகப் போயிற்று. கொட்டகை வாசலிலேயே வேனை நிறுத்தி நான்கு தடவை மாற்றினாள். ஓசூரின் குளிருக்கு ஃபேன் நின்றதே தெரியவில்லை. எங்கள் ஊரில் ஃபேனை நிறுத்திய ஐந்தாம் நிமிடம் முகமூடிக்குள் வியர்வை ஓடும். வடித்த பையை நியூஸ்பேப்பர் மேல் வைத்துப் பார்ப்போம். எழுத்து தெளிவாகத் தெரிந்தால் நல்லது. தெரிந்தது.

இரண்டாம் நாள் கரடுமுரடான ரோட்டில் ஓட்டிப் பார்க்கலாம் என்று பேரிகை ஊர்ப் பக்கம் போனோம். முனிராஜுவே ஓட்டினார். கல் குவாரி லாரிகள் எங்களைப் புழுதியில் முக்கிவிட்டுப் போயின. பின்னறைக்குள் துளி தூசி இல்லை. நடுப்பகல் மாற்றத்துக்கு ஏரிக்கரையில் சமமான இடமாகப் பார்த்து நிறுத்தினோம். ஜெசி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றைக்கென்று வெயில் கொளுத்தியது. கை கழுவுகிற சத்தம் கேட்பதற்குள், வேனை இருபதடி தள்ளிப் புளியமர நிழலில் விடலாம் என்று சொன்னது நான்தான். முனிராஜு நகர்த்தினார். பின்சக்கரம் ஒன்று வேர் மேட்டில் ஏறி நின்றது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

பதினைந்து நிமிடம் கழித்து உள்ளேயிருந்து ஜெசியின் குரல் வந்தது. "எனக்குக் கிறுகிறுங்கு. கதவைத் தெறங்க."

கதவு அசையவில்லை. நான் இழுத்தேன், முனிராஜு இழுத்தார், இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தோம். சிகரெட் தாளுக்கு வழிவிடாத கதவு, வேனின் உடம்பு ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டதும் தன் சட்டத்துக்குள் நன்றாகச் சிக்கிக்கொண்டது. பின்கதவோ அடைபட்டிருந்தது. முனிராஜு பாய்ந்து போய்க் கடப்பாரையை எடுத்துவந்தார். இடுக்கில் கொடுத்து நெம்பினார். பெயிண்ட் பெயர்ந்தது, துருவும் மரத்தூளும் உதிர்ந்தன. "கொஞ்சம்தான் மேடம், கொஞ்சம்தான்," என்று சொல்லிக்கொண்டே நெம்பினார். உள்ளே வயிற்றுக் குழாய் பையோடு இணைந்த நிலையில் அவள் உட்கார்ந்திருக்கிறாள் என்பது இரண்டு பேருக்கும் மறந்துவிட்டது.

"நிறுத்துங்க!" வகுப்பறைக் குரல். முப்பத்தோரு வருடம் பிள்ளைகளை உட்காரவைத்த குரல். "கதவை விடுங்க. வண்டி சாஞ்சு நிக்கி. குழாயை மூடிட்டேன். மெதுவா சமதரைக்குக் கொண்டு போங்க."

முனிராஜு கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு ஸ்டியரிங்கில் ஏறினார். வேரிலிருந்து சக்கரம் இறங்கியதும் கதவு ஒற்றை விரலுக்குத் தானாக வழிவிட்டது.

ஜெசி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கட்டில் விரிப்பின்மேல் பெயிண்டும் துருவும் மஞ்சளும் சிவப்புமாகச் சிதறிக் கிடந்தன. இனி அந்த அறைக்குள்தான் குழாயைக் கழற்றி மூடி போட வேண்டும், வேறு வழியில்லை. தூசி அடங்கும் வரை அரை மணி நேரம் அசையாமல் இருந்தாள். கைக்கு மருந்து போட்டுத் தேய்த்தாள். பிறகு மூடியை மாற்றினாள்.  

சீழ் பிடித்தால் இரண்டு மூன்று நாளில் தெரிந்துவிடும். டாக்டருக்குப் போன் செய்தேன். கழற்றும்போது காற்று அடங்கியிருந்ததா என்று விசாரித்தார். ஒவ்வொரு பையையும் பாருங்கள், வலியோ காய்ச்சலோ வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அங்கேயே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார். ஆகவே காத்திருந்தோம். முனிராஜு அன்று சாயங்காலமே கதவைக் கழற்றிவிட்டார். ஓரம் முழுக்க இழைத்து, விரல் நுழைகிற அளவு இடம்விட்டு, அந்த இடத்தை மெத்தென்ற ரப்பர் பட்டையால் நிரப்பி, இரவு மாற்றத்துக்குள் திரும்ப மாட்டினார். எந்தப் பட்டை தூசியைத் தடுக்கும், எது தானே பொடியாக உதிரும் என்று ரத்னம்மாதான் சொன்னார். பின்பக்க அவசரக் கதவை அடைத்திருந்ததையும் பிரிக்கச் சொன்னாள் ஜெசி. "பிள்ளைங்க வேன்ல அது இல்லாம ஒரு நாள்கூட நான் ஏறுனதில்ல. இங்க எப்படி விட்டேன்னு தெரியல," என்றாள். தவறில் தன் பங்கையும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

வேலை செய்துகொண்டே முனிராஜு யாரிடமோ சொல்வது போலச் சொன்னார். "அச்சு ஆடாது சார். இரும்பு மேடையில கெட்டியா உக்காந்திருக்கும். இருபத்திரெண்டு வருஷம் ஆடாத சாமானையே செஞ்சுக்கினு இருந்தேன். வண்டி ஆடும்னு கைக்குத் தோணவே இல்ல."

ஒவ்வொரு நாள் காலையும் கொட்டகையைத் திறப்பதற்கு முன் மாடிப்படிக்குக் கீழே வந்து நின்று, "தண்ணி எப்படி இருக்குது சார்?" என்று கேட்பார். தெளிவாக இருக்கிறது என்பேன். தலையாட்டிவிட்டுப் போவார். அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று ரத்னம்மா சொன்னார்.

நான் சாப்பிட்டேன். தூங்கினேன். இங்கே உண்மையைச் சொல்லிவிட வேண்டும். நான்காம் நாள் காலை பையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தபோது, இது லேசாகக் கலங்கியிருந்தால் நல்லது என்று ஒரு நொடி நினைத்தேன். வீட்டுக்குப் போய்விடலாம். கதவைச் சாத்திக்கொள்ளலாம். அவள் இருப்பாள். அந்த நினைப்புக்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியும். கலங்கினால் அது அவள் வயிறு. அந்தப் பையைக் கழிவறையில் கொட்டிவிட்டு வெகுநேரம் அங்கேயே நின்றேன்.

ஐந்து நாளும் முடிந்து, மறுநாள் காலை மாற்றத்துக்குப் பிறகு ஜெசி வடித்த பையைத் தானே தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு வந்தாள். முனிராஜு கையிலிருந்த அரத்தை வைத்துவிட்டு எழுந்தார்.

"கார்டைக் கொண்டாங்க," என்றாள்.

வேலை மேசையில் அட்டையை வைத்து, அதன்மேல் பையைப் படுக்கவைத்தாள். இரண்டு லிட்டர் தண்ணீர், வெளிர் மஞ்சளாக. அதன் வழியே பார்த்து, பாடம் வாசிப்பது போல உரக்க வாசித்தாள். "கொக்கி. கட்டில். சூட்டுப்பெட்டி. குழாய். தூசி அடைப்பு. கதவு." அதற்குக் கீழே முனிராஜு புதிதாகச் சேர்த்திருந்த வரியையும் வாசித்தாள். "அவசரக் கதவு." ஒரு எழுத்துகூட மங்கவில்லை. முனிராஜு முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற ரத்னம்மாவிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார். ரத்னம்மா எனக்குத் தமிழில் சொன்னார்: "இனிமே பசிக்கும்ங்கறாரு."

ஜெசி பையை எடுத்துவிட்டு ஒவ்வொரு வரிக்கும் நேராகக் கையெழுத்துப் போட்டாள். கடைசி வரிக்கு வந்ததும் பேனாவை மூடினாள்.

"மேடம், 'ஓட்டிப் பார்த்த பின்'னு ஒண்ணு இருக்குது."

"அதுக்கு இன்னும் ஓட்டலயே. திரும்பி வரும்போது போடுதேன். பத்திரமா வையுங்க."

முனிராஜு அட்டையை வாங்கிச் சுவர் ஆணியில் மாட்டினார். அந்தக் கடைசி வரி மட்டும் காலியாக இருந்தது. நான் அதைப் பார்க்காமல் வேனில் ஏறினேன். டாக்டரிடமிருந்து போனில் இரண்டே வார்த்தை வந்திருந்தது: போயிட்டு வாங்க. ஹாரன் இப்போது அழுத்தினால் மட்டும் அடித்தது.

நெடுஞ்சாலையில் வந்து சேர்ந்தோம். ஒரு பக்கம் கிருஷ்ணகிரி, அதன் வழியாக எங்கள் வீடு. மறுபக்கம் பெங்களூர், அதற்கு மேலே நான் பார்த்தேயிராத அத்தனை ஊர்களும். என் கை கிருஷ்ணகிரிப் பக்கத்து இண்டிகேட்டரைப் போட்டது.

"பழக்கம்," என்றேன்.

ஜெசி எட்டி அதை மாற்றிப் போட்டாள்.